இருபத்து நாலு மணி நேரமும்

பதினான்கு கடைகளுக்கு நான்தான் வாய்.
நல்லம்பள்ளி ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்துகொண்டு
பல் மருத்துவரின் பணிவில் பேசுவேன்,
பாலக்கோட்டு நகைக்கடையின் பல்லிளிப்பில் பேசுவேன்.
தொப்பூர் மாதையன் டயர்ஸ் என்றால்
தொண்டையைக் கனைத்துக்கொண்டு
"சொல்லுங்க தம்பி" என்று தட்டுவேன்.

மாதையனிடம் முதலில் ஒரு பாறை இருந்தது.
கணவாய் வளைவில், வெள்ளையடித்து, நீலத்தில்
பஞ்சர், ஓர் அம்புக்குறி, ஆறு இலக்க எண்.
இறங்குகிற லாரிகள் எல்லாம் படித்தன.
பிடித்திருக்கிறதா என்று பாறை யாரையும் கேட்கவில்லை.
சாலையை அகலப்படுத்தியபோது பாதியை வெட்டினார்கள்.
"பஞ்" மட்டும் மிஞ்சியது.

அப்புறம் மருமகன் ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்தான்.
ரோஜாப்பூ, காலை வணக்கம், முந்நூறு லைக்.
முந்நூறும் சொந்தக்காரர்கள்.
ஒருவரிடமும் லாரி கிடையாது.
வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி
பொங்கல் வாழ்த்தில் மூழ்கிச் செத்தது.

என்னைக் கூப்பிட்டது ரீல்ஸ் காலத்தில்.
டயரிலிருந்து ஆணி உருவிவரும் பதினைந்து நொடி.
நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
"அதுல நாலு பேராச்சும் வண்டி வச்சிருப்பாங்களா?"
என்றார் மாதையன்.

அதற்குத்தான் விளம்பரம்:
நாற்பது கிலோமீட்டர் சுற்றளவு,
வயது இருபத்தைந்து முதல் அறுபது, ஆண்,
ஆர்வம்: கனரக வாகனம்.
மாதம் மூவாயிரம்.
பாறை ஒரு தடவைதான் காசு வாங்கியது என்று
அவர் சொல்லவில்லை. ரசீதைப் பார்த்த விதத்தில் இருந்தது.

"இருபத்து நாலு மணி நேர சேவை" என்று எழுதியவள் நான்.
மஞ்சள் எழுத்தில் எடுப்பாக இருந்தது.
பத்து மணிக்குத் தூங்குகிற மனிதர் என்பது
எனக்குத் தெரியும்.

இரவு ஒன்றே முக்கால்.
*அண்ணா கடை இருக்குங்களா.
இறக்கத்துல ரெண்டாவது வளைவு. பின்டயர் போச்சு.
தனியா இருக்கேன்.*
கூடவே வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
எனக்கு முன்னால் தானியங்கி பதில் போய்விட்டது:
*வணக்கம்! தொடர்புகொண்டதில் மகிழ்ச்சி!*
இரண்டு கைகூப்பல், ஒரு ராக்கெட்.

மாதையனை ஏழு முறை அழைத்தேன்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
*வர்றீங்களா அண்ணா?*

நான் மாதையன் இல்லை என்று தட்டினேன்.
அழித்தேன்.
திரும்பத் தட்டினேன். அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடுகள். வெகுநேரம் ஒன்றுமில்லை.
*அக்காவா?*
*ஆமா.*

கேபினில் உட்காராதே,
தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நில்லு.
வேப்பங்கொத்து ஒடித்து
வண்டிக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளிப் போடு.
எல்லாம் மாதையன் சொல்லி நான் வெட்டி ஒட்டிய காணொளி.
நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தது.

படத்தில் சிங்கம் வைத்திருந்தான். பேர் சின்னபையன்.
தளியிலிருந்து மதுரைக்கு முட்டைக்கோஸ்.
*ஒவ்வொரு வண்டியும் போறப்ப
காத்து தள்ளுது அக்கா.*
*தெரியுது* என்றேன்.
என்ன தெரியும் எனக்கு.
கடைசி வீட்டுக் கடன், தங்கை பையனின் மொட்டை,
கோஸ் வாடினால் யார் தலையில் விழும் என்பது,
விடிய விடிய எழுதினான்.
நான் எந்தக் கடையின் குரலிலும் பதில் சொல்லவில்லை.

நாலு பத்துக்கு மாதையன் கூப்பிட்டார்:
"ஏழு மிஸ்டு காலு. யாரும்மா செத்தது?"
"இன்னும் யாரும் இல்லண்ணா. ஜாக்கி எடுத்துட்டுப் போங்க."

காலையில் மஞ்சள் எழுத்தை எடுத்துவிட்டேன்.
ஐந்து முதல் பத்து வரை என்று போட்டேன்.
வாரக் கடைசியில் பார்வைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

சின்னபையன் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தான்:
*டயர் ஓகே. அக்கா ராத்திரி முழுக்கப் பேசினாங்க.*

மாதையன் அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.
"நம்ம கடையில ஏதும்மா அக்கா?" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அதுக்குத் தனியாக் காசா?"