உள்ளூர்ப் பெயர்

லகாரிக் துரை எழுதும் கடிதத்தில்
முதல் பத்தி எப்போதும் மழைதான்.
இரண்டாம் பத்தி பெரணி.
டர்பனிலிருந்து ஹாதோர்ன் அனுப்பிய கிழங்குகளில்
நாலு அழுகியதும் இரண்டு முளைவிட்டதும்
மீதியைக் கப்பல் எலி தின்றதும்
மூன்றாவது.
முழங்கால் எப்படி இருக்கிறது,
தங்கைக்குக் கல்யாணம் முடிந்ததா,
அச்சுக்குப் போன புத்தகம் என்ன ஆயிற்று
என்பதெல்லாம்
கையெழுத்துக்கு மேலே மிஞ்சும் இடத்தில்
நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த முறை அந்த இடம் வெறுமையாக இருந்தது.

எனக்கு பாம்பிளமூஸ் தோட்டத்தில்
தாள் மாற்றுகிற வேலை.
பூஸ் மலை ஈரத்தில் பறித்த பெரணியை
நரம்பு மடியாமல் விரித்து
பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துக்
கல்லேற்றுவேன்.
பூச்சி அண்டாதிருக்க
சவ்வீரம் கரைத்த சாராயத்தைப் பூசுவேன்.
நகமெல்லாம் வெந்துபோயிருக்கும்.
கடிதத்துக்கு நகல் எடுப்பதும் நான்தான்.
துரையின் பிரெஞ்சு என் கையில்
கொஞ்சம் வட்டமாகிவிடும்.

அறுபத்தேழில் தாளுக்குப் பஞ்சமில்லை.
காய்ச்சல் வந்த பிறகு பத்திரிகை கனத்தது.
கொயினா விலை ஒரு பக்கம்,
செத்தவர் பெயர் இரண்டு பக்கம்:
இன்னார், வயது, தெரு,
மாதா கோயிலில் எத்தனை மணிக்கு.
பட்டியலின் அடியில்
இந்தியர், முப்பத்தொன்பது.
அவ்வளவுதான். கோடு போட்டு
அடுத்தது சர்க்கரை விலை.

துரையின் மகள் செலஸ்தின் பெயர்
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்பது வயது.
என் தம்பி வடமலை
அதே செவ்வாய்க்கிழமை
முப்பத்தொன்பதுக்குள் இருந்தான்.
எத்தனையாவது ஆள் என்று தெரியாது.
எந்த வரிசையிலும் முந்தி நிற்கிறவனில்லை அவன்.

நான்கு நாள் துரை வரவில்லை.
ஐந்தாம் நாள் வந்து,
பதினான்காம் எண் காய்ந்துவிட்டதா என்று கேட்டார்.
காய்ந்துவிட்டது என்றேன்.

பெட்டி கட்டும்போது
அந்தச் செவ்வாய்த் தாளைத் தேடி எடுத்தேன்.
அவர் எழுதாமல் விட்டதை
யாராவது கொண்டுபோக வேண்டுமே.
செலஸ்தின் பெயர் மறையாதபடி
இலையைச் சற்றே சாய்த்து வைத்தேன்.
பிறகு, ஏனென்று கேட்காதீர்கள்,
பென்சிலை நாக்கில் நனைத்துச்
சீட்டின் முதுகில் தமிழில் எழுதினேன்:
வடமலை.

ஐந்து மாதம் கழித்துப் பதில்.
கறுப்புக் கரையிட்ட தாள்.
பத்திரிகையைப் பார்த்தேன் என்று தொடங்கி
ஹாதோர்ன் அரைப்பக்கம் எழுதியிருந்தார்,
தனக்கும் ஒரு மகன் போனதை,
இத்தனை வருஷம் அதைச் சொல்லாததை.
துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாசித்தார்.
அந்தத் தாளை யார் வைத்தது என்று
அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.
கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தார்:
"பதினான்காம் எண் புதிது, ஐயமில்லை.
சீட்டின் பின்னால் சுருள் சுருளாக ஏதோ இருக்கிறது.
அது உள்ளூர்ப் பெயரா?"

என்னைப் பார்த்தார்.
ஆமாம் என்றேன்.
எப்படிச் சொல்வது?
சொன்னேன். மறுபடி என்றார், சொன்னேன்.
வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பெயரை
ஒரு மத்தியானத்தில்
மூன்று முறை சொல்லிவிட்டு
தாள் மாற்றப் போனேன்.

புத்தகம் வந்தபோது
மூலை கடலில் நனைந்திருந்தது.
எண்பத்திரண்டாம் பக்கம்.
செலஸ்தினுக்கு லத்தீனில் ஒரு பெயர்.
கீழே, சிறிய எழுத்தில்,
மலபார் மொழியில் 'வதமலே' என்பர்.
வளருமிடம்: நிழல், ஈரப்பாறை.
அரிது.

ட போய் த வந்திருந்தது.
பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

இப்போது துரை அதற்கென்றே ஆள் அனுப்புகிறார்.
கிரியோல் பையன் ஒருவன்
முழங்கால்வரை சேற்றோடு மலையிறங்கி
வாசலிலிருந்தே கத்துகிறான்:
வதமலே இன்றைக்கும் கிடைக்கவில்லை.

நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார் துரை.