நாகம்

பவுசர் செவ்வாயும் வெள்ளியும் வரும்.
குகநேசன் ஹோர்ன் அடித்தால்
மெலிஞ்சிமுனை முழுக்க வாளியோடு ஓடும்.
எங்கள் வீட்டில் முதல் பரல் எனக்கில்லை,
பிள்ளைகளுக்கும் இல்லை,
மோட்டருக்கு.
நாற்பது குதிரைவலு.
லீசிங் இன்னும் பத்தொன்பது மாதம்.

விடிய ஆறு மணிக்கு
அமலதாஸும் டினோசனும் கம்பில் கட்டித் தூக்கி வருவார்கள்,
வெறியில் விழுந்தவனைக் கொண்டு வருவது போல.
பலகையில் முடுக்கி
பரலுக்குள் காலை இறக்கிக்
கயிற்றை இழுத்தால்
இருமும், துப்பும், பிறகு பேசும்.
பின்னால் ஒரு நூல் தண்ணீர் பாயும்.
பாய்ந்தால் சுகம்.
பாயாத நாளில் டினோசன்
தங்கூசித் துண்டால் துவாரத்தைக் குத்துவான்.
உள்ளே கல்லுப்பு.

பத்து நிமிடம்.
பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றி
கடைசிச் சொட்டையும் குடித்து
தானே அடங்கும்வரை விட வேண்டும்.

அந்தத் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை.
நாளைக்கும் ஆகும்.
நாளையின்றைக்கு?
விரலைத் தோய்த்து நாக்கில் வைப்பேன்.
முதல் நாள் மண்ணெண்ணெய் மட்டும்.
மூன்றாம் நாள் கஞ்சிக்குப் போடும் உப்பு.
அதற்கு மேல் கருவாடு ஊறிய சட்டி.
கஞ்சியோடு மாற்ற வேண்டும்.
பவுசரின் ரயர் வெடித்த கிழமை
கருவாடு வரைக்கும் விட்டேன்.
பிள்ளைகளின் தலையைப் பார்த்தேன்,
குடத்தில் இருந்ததைப் பார்த்தேன்,
கொண்டுபோய்ப் பரலுக்குள் ஊற்றினேன்.

மோட்டரின் காலில், தகட்டின் கீழே
ஒரு சாம்பல் நிறக் கட்டி.
மூத்தவளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குப் பெயர் நாகம்.
"அது முதல் கரையும் அம்மா,
அது கரையுமட்டும் மற்றது நிக்கும்."
எதிர்த் தீவில் அம்மனுக்குக் குடை பிடிக்கிறதும் நாகம்தானே
என்று டினோசன் சிரித்தான்.
கடல் தின்னட்டும் என்றுதான் அதைப் பூட்டுவது.

போன பெருநாளுக்குப் படகுக்கு நிறம் பூசினோம்.
நீலம், வெள்ளை, அணியத்தில் சிவப்புக் கோடு.
மிச்சம் கிடந்த சில்வர் பெயின்ரை
நான்தான் எடுத்தேன்.
மோட்டரின் காலுக்கு இரண்டு பூச்சு,
தகட்டுக்கு இரண்டு பூச்சு,
அந்தக் கட்டி மட்டும் ஏன் அழுக்காக நிற்பான்,
அதற்கு மூன்று.
கோயிலடியில் நின்று பார்த்தாலும் மினுங்கும்.

ஏழு மாதம் கட்டி தேயவில்லை.
கொழும்புச் சாமான் என்று
கிணற்றடியில் பெருமை பேசினேன்.

மெக்கானிக் சில்வெஸ்ரர்
திருப்புளியால் காலைத் தட்டினார்.
சில்வர் கொப்புளம் உடைந்து
உள்ளிருந்து வெள்ளை மா கொட்டியது.
இன்னொரு தட்டு. ஓட்டை.
கட்டியைச் சுரண்டினார்.
புதுசு போல, ஒரு கீறல் இல்லாமல்.

"தின்னக் குடுத்ததை மூடி வைச்சால்
அது வேற எதைத் தின்னும்?
ஆர் இதுக்குப் பெயின்ற் அடிச்சது?"

அமலதாஸ் டினோசனைப் பார்த்தார்.
டினோசன் மணலைப் பார்த்தான்.
நான் என்று சொல்ல எனக்கு
ஒரு மூச்சுப் பிந்தியது.
அந்த மூச்சுக்குள்
"நான்தான் அண்ணை" என்றான் அவன்.

அந்தக் கிழமை அவன் பங்கில்
மூவாயிரம் குறைந்தது.

இரவு சொன்னேன்.
"தெரியும்" என்றார் அமலதாஸ்.
"உன்ர சோட்டியிலை சில்வர் இன்னும் கிடக்கு."
"பிறகேன் அவன்ர பங்கிலை குறைச்சனீங்கள்?"
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
காலுக்கு ஒட்டுப்போட எவ்வளவு முடியும் என்று
சுவரிடம் கேட்டார்.

புதுக் கட்டி வெறும் உடம்போடு நிற்கிறது.
சோட்டி மடிக்குள் மூவாயிரத்தை முடிந்து வைத்திருந்தேன்.
வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வெள்ளி. ஹோர்ன் சத்தம்.
முதல் வாளியை டினோசனுக்கு மொண்டு கொடுத்தேன்,
குளி என்று.
முகத்தில் உப்புக் காய்ந்து வெள்ளை பிடித்திருந்தது.
இரண்டு கை அள்ளிக் கழுவினான்.
மிச்சத்தை
ஒரு சொட்டுச் சிந்தாமல்
பரலுக்குள் ஊற்றிவிட்டுப் போனான்.