முதல் இதைவிடக் கறுப்பு

பம்பலப்பிட்டியில்
கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்பது என் வேலை.
ஆறு நிறம் அச்சடித்த அட்டை ஒன்று தந்திருக்கிறார்கள்.
ஆறாவதும் என்னைவிட வெளிர்.

பின்சுவரில், ஆளுயரத்தில்,
ஒருத்தியின் முகம் ஏழு தரம் வெளுக்கிறது.
முதலாவதில் மட்டும் அவளுக்குச் சிரிப்பில்லை.
அந்த முகம்தான் எனக்குக் கிட்ட.

"நீங்களும் இதைத்தானோ பூசிறனீங்கள்?"
மணப்பெண்ணின் தாய் கேட்டாள்,
கிறீமைப் பாராமல் என்னைப் பார்த்து.
மாதக் கடைசி. இன்னும் நாலு பெட்டி விற்கவேணும்.
"ஓம் அன்ரி, ரெண்டு கிழமையாத்தான்.
முதல் நான் இதைவிடக் கறுப்பு."

இரண்டு பெட்டி வாங்கினாள்.

அன்றிலிருந்து கேட்கிற எல்லோருக்கும் அதே பதில்.
சொல்லச் சொல்ல
அந்த மற்றவள் கறுத்துக்கொண்டே போகிறாள்,
நான் ஒரு துளியும் வெளுக்காமல்.

நேற்று இரவு, நூறாம் நம்பர் பஸ்,
கடல் பக்க யன்னல்.
கண்ணாடிக்குள் வந்து அமர்ந்தாள்.
வெள்ளவத்தை தாண்டியும் என்னைப் பார்க்கவில்லை.

தெஹிவளையில் இறங்கி
மணிக்கட்டில் காய்ந்திருந்த சாம்பிளை
லேஞ்சியால் தேய்த்தேன்.
தேய்த்த இடம்
வீடு போய்ச் சேரும்வரை எரிந்தது.