டெமோ

மே மாதம். ஏரிக்கரை ஓட்டலின் சாப்பாட்டுக் கூடம்.
ஒரே இரவில் ஏழாவது பிறந்தநாள்.
டிஷ்யூ தாளில் எழுதி வந்தது விருப்பப் பாட்டு,
சாம்பார்க் கறையோடு,
நடுவில் ஐம்பது ரூபாய் செருகி.
விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தேன்.
வரவில்லை.

வலி என்றால் சொல்லிவிடலாம்.
வலிக்கு ஏழு ரோட்டில் மருந்துக் கடை இருக்கிறது.
இது வேறு.
தண்ணீர் நின்றுபோன குழாயைத் திருகினால்
ஒரு சீறல் வருமே,
அதுகூட வரவில்லை.

கீபோர்டின் வலது மூலையில் ஒரு சின்னப் பட்டன்.
வாங்கிய அன்று கடைக்காரர் அழுத்திக் காட்டியது.
பதினோரு வருஷம் நான் தொட்டதில்லை.
தொட்டேன்.
அது தானே வாசித்தது.
எந்த ஊர்க்காரரோ என்றைக்கோ பதிந்துவைத்த உற்சாகம்.
கைகளைக் கட்டைகளுக்கு மேல் மிதக்கவிட்டு
தலையை ஆட்டினேன்.
டிரம்ஸிலிருந்து லூர்துசாமி ஒரு தடவை பார்த்தான்,
பிறகு அதற்கேற்ப அடித்தான்.
கைதட்டினார்கள்.
மற்ற ஆறுக்கும் தட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

வெளியே, கார்களுக்கு நடுவே மூடுபனி.
ஒரு காட்டுமாடு
ஓட்டலின் டேலியாச் செடிகளை மென்றுகொண்டிருந்தது.
என் வாசிப்பைப் பற்றி அதற்கு
எந்த அபிப்பிராயமும் இல்லை.
நெடுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

எங்கள் தொழிலில் கீபோர்டைப் பெட்டி என்பார்கள்.
"இன்னைக்குப் பெட்டி யாரு?" என்றால் நான்தான்.
ஜிப் போன அந்த உறைக்குள் வாத்தியம் மட்டுமா இருக்கிறது?
ரோஸ்லினுக்கு நான் தரவேண்டிய பதினாலாயிரம்.
அவள் கேட்டபோது எல்லார் முன்னாலும் நான் கத்தியது.
பிறகு,
திண்டுக்கல் பிணவறையில் அப்பா கிடந்த சாயங்காலம்
வத்தலக்குண்டில் ரிசப்ஷன் வாசித்தேன்.
முன்பணம் முந்தின வாரமே
ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.
மாப்பிள்ளை தோளில் கைபோட்டு,
"சிரிங்க சார், போட்டோ" என்றார்.
யார் வீட்டு ஆல்பத்திலோ
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மானேஜர் கோமதிநாயகத்திடம்
பத்து நாள் வரமாட்டேன் என்றேன்.
"சீசன்ல யாராச்சும் லீவு கேப்பாங்களா?"
"பட்டன் அமுக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை உக்கார வைங்க."
அவருக்குப் புரியவில்லை.
எனக்கே பாதிதான்.

பூம்பாறையில் அக்கா வீடு.
மூன்று நாள் தூங்கினேன்.
நான்காம் நாள் மச்சான் டிவியில் பாட்டு வைக்க,
வேண்டாமே என்றேன்.
ஏன் என்று கேட்காமல் அணைத்தார்.
அதற்குப் போய் அழுகை வந்தது,
கொல்லைப்புறம் ஓடி முகம் கழுவினேன்.

பரணில் தொங்கிய பூண்டுக் கட்டுகளை இறக்கி
வேரை நறுக்கி, காய்ந்த தோலைத் தேய்த்து உதிர்த்தேன்.
ஒரு கிலோ, இரண்டு கிலோ.
எந்தப் பூண்டும் இன்னொரு தடவை என்று கேட்கவில்லை.
சாயங்காலம் திருவிழாக் கமிட்டி ஆள் வந்தார்.
"நம்ம ஊருக்கு வந்துட்டு வாசிக்காமப் போறதா?"
மாட்டேன் என்றேன்.
காரணம் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

ரோஸ்லினுக்கு நாலாயிரம் அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.
மன்னிப்பில்லை, ரசீது.
போதும்.

ஆறாம் நாள் மழை. ஓடு ஒழுகிய இடத்தில்
அக்கா அலுமினியச் சட்டி வைத்தாள்.
முதல் சொட்டுக்கே 'ரி' என்றது தலை.
யாரும் கேட்காமல், யாரும் காசு செருகாமல்.
எரிச்சலாக இருந்தது.
பிறகு அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தேன்.

பெட்டியை இன்னும் திறக்கவில்லை.
விரலெல்லாம் பூண்டு நாற்றம்.
எத்தனை சோப்புப் போட்டாலும் ஒரு வாரம் இருக்குமாம்.
கட்டைகளில் ஒட்டும்.
ஒட்டட்டும்.