இருபது நொடி

ஔலுவில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
சுவர்ப் பெட்டிகளில் ஜெல் நிரப்புகிறவள் நான்,
மூன்றாம் மாடி, குறைமாதக் குழந்தைகள் பிரிவு.
நாளொன்றுக்குப் பதினோரு பை.
யார் ஒரு அழுத்து, யார் இரண்டு,
யார் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நழுவுகிறார்கள்,
எல்லாம் தெரியும் எனக்கு.

யார்க்கோ, படகுப் பட்டறையில் வெல்டர்.
முதல் நாள் ஜெல் பட்டதும் கையை உதறினான்.
எங்கெங்கே வெட்டு என்று
உடம்பே மறந்துவிட்டதையெல்லாம்
அது தேடிப் பிடித்துவிடும்.

ஆனால் எரிச்சல் அல்ல அவன் சிக்கல்.
இரண்டாம் இரவு கவனித்தேன்:
அழுத்தும் முன் மூச்சை இழுத்து அடக்குகிறான்,
முத்துக்குளிக்கப் போகிறவன் மாதிரி.
புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்.
ஈரம் காயும்வரை வாய் திறப்பதில்லை.
பிறகுதான் கதவு.

"ஆறு வருஷம், நாலு மாசம்" என்றான் ஒருநாள்,
நான் கேட்காமலே,
பெட்டியைப் பார்த்துக்கொண்டு.
"வாடை இல்லாதது ஏதாவது இருக்கா?"
கிடங்கு முழுக்கத் தேடினேன்.
எல்லாமே எண்பது சதவீதம்.
அவன் விட்டொழித்ததைவிட இருமடங்கு காட்டம்.

கைகழுவிவிட்டான் என்றால்
விட்டுவிட்டான் என்று பொருள்.
இந்தக் கதவில் தலைகீழ்:
கழுவினால்தான் தொட விடுவார்கள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவன் மகள்.
எண்ணூற்று நாற்பது கிராம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
அவளுக்கு மூச்சு குழாய் வழியே வருகிறது.
இவனோ இருக்கிற மூச்சையும்
நாளுக்கு ஒன்பது தடவை பிடித்து நிறுத்துகிறான்.

ஒரு வியாழக்கிழமை ஒரு பை குறைந்தது.
யாரை நினைத்தேன் என்று சொல்ல வெட்கம்.
வண்டியின் கீழ்த்தட்டில்,
துடைப்பத் துணிக்கு அடியில் கிடந்தது.
அன்று அவன் வணக்கம் சொன்னபோது
எண்ணிக்கைப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை.
"எடுத்தாச்சு! குழாயை எடுத்தாச்சு!"
நர்ஸ் தெல்லெர்வோ, சத்தமே போடாதவள்,
நடைபாதையில் நின்று கத்துகிறாள்.
பூட்ஸில் ஒட்டிய பனியோடு ஓடி வந்தான்.
இரண்டு அழுத்து. கொஞ்சம் தரையில் சிந்தியது.
மூச்சை அடக்க மறந்துபோனான்.
வாய் பிளந்து, இரைக்க இரைக்க இழுத்தபடி
தேய்த்துக்கொண்டு நிற்கிறான்,
புறங்கை, விரலிடுக்கு,
நடைபாதை முழுக்க அந்த வாடை.

இருபது நொடி.
நான்தான் அடக்கிக்கொண்டிருந்தேன்.