வலந்தலை

திருவாரூர் பனகல் சாலையில் ஜகபர் கடை.
கண்ணாடிக் கதவைச் சாத்தினால்
பஸ் ஹாரன் பாதியாகும்.
"பேஸ் பாருங்கக்கா" என்று அவர் போட்டதில்
கல்லாவில் சில்லறை நடுங்கியது.
பேஸ் எனக்கு எதற்கு?
விடிகாலை நாலு மணிக்கு எங்கள் தெருமுனையில்
நெல் லாரி திரும்புகிறதே, போதாதா.

நான் கேட்டு வந்தது
இட்லி வேகும்போது ஒரு குரல்,
துணி மடிக்கும்போது ஒரு குரல்.
கூட்டுறவு வங்கியில் நாளெல்லாம் காதில் ஒட்டியதைக்
கழுவிவிட.

"தெரிஞ்ச சத்தத்தைப் போட்டுப் பாருங்க,
அப்பதான் பொட்டியோட குணம் தெரியும்."
அதில் அவர் சொன்னது சரி.
என் போனில் இருந்தது
நாத்தனார் கல்யாணத்தில்
ரெண்டு மைக் வைத்துப் பிடித்த தனித்தவில்,
பதினோரு நிமிஷம்.

ஹெட்போனை மாட்டியதும்
தவில்காரர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.
அவருடைய வலது கை என் இடது காதில்:
விரல் கூடுகள், வலந்தலை,
சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி.
என் வலது காதில் குச்சியும் தொப்பியும்.
நடுவில், என் நெற்றிக்குப் பின்னால்,
யாரோ இருமினார்கள்.
மூன்று வருஷமாய்க் கேட்கிறேன்,
அந்த இருமல் எனக்குத் தெரியாது.

கழற்றி விடங்கன் தலையில் மாட்டினேன்.
கேட்டார். தலையை ஆட்டினார்.
"நல்லாத்தான் இருக்கு.
அந்தாளு ஏன் ஒத்தக் கையால வாசிக்கிறாரு,
கை சுளுக்கா?"

ஜகபர் சிரித்தார்.

பன்னிரண்டு வருஷம் அறுவடை மெஷின்,
பெல்ட் வண்டி,
இடது தோளுக்குப் பின்னால் எஞ்சின்.
மருத்துவக் கல்லூரியில் போட்டுக் கொடுத்த படத்தில்
வலது காதின் கோடு வரப்பு மாதிரி நேரே போகும்.
இடது காதின் கோடு
மூவாயிரம் தாண்டியதும் கிணற்றில் இறங்கும்,
ஏறாது.
அந்தக் காகிதத்தை நாலாய் மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார்,
டின் ஆடக்கூடாதென்று.

"ஸ்பீக்கரே எடுத்துக்குவோம். ஒன்னு போதும்."
"ஒத்தையா வராதுக்கா, ஜோடிதான்."
செருப்புக் கடையிலும் இதையேதான் சொல்வார்கள்.
நாலாயிரத்து எழுநூறு,
பேரம் பேசியதில் வயர் சும்மா.

ஆறடி இடைவெளி விடவும், நடுவில் அமரவும்
என்றது பெட்டிக்குள் இருந்த தாள்.
எங்கள் கூடத்தில் ஆறடி விட்டால்
ஒன்று குளியலறைக்குப் போகும்.
பீரோ மேல் ரெண்டையும் சேர்த்து வைத்தேன்,
அவருடைய வலப்பக்கம்.
டிக்கெட் எடுக்காத ரெண்டு பேர் மாதிரி
நெருங்கி உட்கார்ந்தன.

பெட்டி நல்ல பெட்டிதான்.
ஆனால் ராத்திரி பத்துக்கு மேல்
பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை.
அடுத்த சம்பளத்தில் தனியாகப் போய்
அந்த ஹெட்போனையும் வாங்கி வந்தேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டேன்.
ரெண்டு கை, ரெண்டு காது.
திருடித் தின்பது போல் இருந்தது.

ஓடம்போக்கிக் கரைத் தவளைகள் ஓயாத ஓர் ஐப்பசி ராத்திரி
போனில் எதையோ தேடி எதிலோ விழுந்தேன்.
பார்வை, கேட்டல் என்று ஒரு பக்கம்.
அதற்குள் மோனோ என்று
அணைந்து கிடந்த ஒரு பொத்தான்.
இத்தனை நாள் என் கையிலேயே.

தூங்கியவரை எழுப்பி மாட்டினேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
கட்டில் சட்டத்தில் வலது கை விரல்கள் மட்டும் ஓடின.
"சுளுக்கு விட்டுடுச்சு" என்றார்,
ஊருக்கே கேட்கும்படி.
பக்கத்து வீட்டில் குழந்தை விழித்துக்கொண்டது.

காலையில் பஸ்ஸில் மாட்டினால்
எல்லாம் ஒரே இடத்தில்:
கூடு, குச்சி, அந்த இருமல்.
இடமும் வலமும் இல்லாமல்
நெற்றிக்குப் பின்னால் ஒரு புள்ளியில் நெருக்கியடித்துக்கொண்டு.
அடியக்கமங்கலம் தாண்டும்வரை அப்படியே கேட்டேன்.
அப்புறம் பொத்தானை அணைத்துவிட்டேன்.
எனக்கு ரெண்டு காது இருக்கிறது,
அதற்கு என்ன செய்ய.