கடன் நோட்டு

ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது.
எவர் வந்தாலும் முதலில் கால்தான் தெரியும்,
பிறகு குனிந்து முகம் வரும்,
பிறகு நோய்.

சீட்டா கேம்பில் என்னை டாக்டரக்கா என்கிறார்கள்.
டாக்டர் இல்லை, மருந்தாளுநர் என்று
தமிழில் சொன்னேன், இந்தியில் சொன்னேன்,
காம்ப்ளே மௌசிக்கு மராத்தியிலும் சொன்னேன்.
சரி டாக்டரக்கா என்று
நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் என் பதிவுச் சான்றிதழ்.
இன்வெர்ட்டர் ஈனமாக முனகும் இரவுகளிலும்
நான்கு டிகிரியில் தூங்கும் இன்சுலின்.
எல்லாம் இருக்கட்டும்.
கடை எரிந்தால் நான் தூக்கிக்கொண்டு ஓடுவது
கல்லாவுக்கடியில் இருக்கும் கடன் நோட்டைத்தான்.

ஆமினத்து, சர்க்கரை மாத்திரை முப்பது, அறுபத்து நாலு ரூபாய்.
ஏப்ரலில் அறுபத்து நாலு. மே மாதமும்.
ஜூனில் ஆளில்லை.
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது.
மூன்று பிள்ளைகளுக்கு ஷூவும் மழைக்கோட்டும் வாங்கியபின்
அவள் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை
அந்த வெற்று வரியில் இருக்கிறது.
கடைசிப் பையனைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன்:
அம்மாவை வரச் சொல், காசு கேட்கவில்லை.
காசு கேட்கவில்லை என்பதை இங்கே
இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

லால்மோகர், இருமல் மருந்து, மூன்றாம் தேதி.
பதினொன்று. பத்தொன்பது.
நானும் கடைப்பையன் ரியாஸும் மாறி மாறி எழுதியதில்
ஒரே தொண்டைக்குள் மூன்று பாட்டில் போனது
பக்கம் புரட்டும்போதுதான் தெரிந்தது.
ராத்திரி வேர்க்கிறதா என்றேன்.
மும்பையில் யாருக்கு வேர்க்காது என்றான்.
நாலாவது பாட்டில் கிடையாது,
முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் சளியைக் கொடு,
அங்கே பைசா வாங்கமாட்டார்கள் என்றேன்.
எதிர்க்கடையில் வாங்கி
என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.
தொண்ணூற்றைந்து ரூபாய் வியாபாரம்.

இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி வந்தாள்,
இடுப்பில் குழந்தை, கையில் புது சிகிச்சை அட்டை.
வீட்டில் எல்லாரையும் சோதிக்கச் சொன்னார்களாம்.
எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டாள்.
ரியாஸைக் கூட அனுப்பினேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் நல்லவள்.

நாற்பத்தோராம் பக்கம் இருக்கிறது.
இசக்கியப்பன், சென்ட்ரிங் வேலை, இடுப்பு வலி.
டைக்ளோ பத்து.
டைக்ளோ பத்து.
டைக்ளோ பத்து.
பதினான்கு மாதம். எல்லாம் என் கையெழுத்து.
சனிக்கிழமை கூலி வாங்கியதும் பாக்கி தீர்ப்பவன்,
சில்லறை இல்லாவிட்டால் சிரிப்பவன்.
தொந்தரவில்லாத மனிதரிடம்
என்ன கேள்வி கேட்பது?
ஒருநாள் ஷட்டருக்குக் கீழே
அவன் காலில் புதுச் செருப்பு, ஒரு அளவு பெரிது.
பழசு கடிக்குதக்கா என்றான்.
நல்லா இருக்கு, எங்கே வாங்கினே என்றேன்.

நான் படித்தவள்.
சிறுநீரகம் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதித்
தேர்வில் தேறியவள்.
செருப்பைப் பார்த்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் சயானில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள்.
அவன் மனைவி வந்து
இருநூற்று முப்பதை எண்ணி வைத்தாள்.
கடனை அடிச்சிடுங்கக்கா என்றாள்.
அவள் பார்க்க அடித்தேன்,
ஸ்கேல் வைத்து.
தாள் கிழிந்துவிட்டது.

இப்போது விலைக்குப் பக்கத்தில்
இன்னொரு எண் எழுதுகிறேன்,
இது எத்தனையாவது தடவை என்று.
எதுக்கக்கா என்கிறான் ரியாஸ்.
கணக்கு என்கிறேன்.

மணி பத்தரை.
பூட்டைத் தேடும்போது ஷட்டருக்குக் கீழே
சிமென்ட் படிந்த இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன.
வலிக்கு ஏதாவது கொடுங்க என்கிறது
இன்னும் குனியாத குரல்.

இரு, என்கிறேன்,
டார்ச்சை எடுத்துக்கொண்டு.